கரண்டு அக்காவின் கை

அக்கா என்னைச் சந்தித்த முதல் நாளே கன்னத்தில் அறைந்தார்.

நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலை பெக்டரியில் நான் உதவி டீமேக்கராகச் சேர்ந்த புதிது. கொழுந்தை உருட்டுகிற ரோலர் மோட்டார் ஒன்று நின்று நின்று ஓடியது. டவுனிலிருந்து ரிப்பேர் பார்க்க ஒரு அம்மா வருவார் என்று டீமேக்கர் சொல்லியிருந்தார். வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். பாவாடைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். சுவிட்ச் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டபடியே, எந்த இடத்தில் பொறி பறந்தது என்று கேட்டார்.

"இந்த எடத்துலதாங்க" என்று விரலை நீட்டினேன். விரல் செம்புப் பட்டையை நெருங்குவதற்குள் அடி விழுந்துவிட்டது. பின்னால் கிடந்த சாக்கு மூட்டைகளின் மேல் போய் உட்கார்ந்தேன். காதுக்குள் ரோலர் ஓடுவதுபோல இரைந்தது. பெக்டரியே வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

"உசிரோட இருக்கீங்களா ஐயா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பெட்டிக்குள் குனிந்துகொண்டார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். பில்லில் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழ் ஆட்களுக்குக் கரண்டு அக்கா. சிங்கள ஆட்களுக்குக் கரண்ட் அக்கே. அவரைப் பற்றி எதைச் சொல்லத் தொடங்கினாலும் அது அவருடைய கையில்தான் போய் நிற்கும். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். பஸ்ஸில் மிச்சக் காசு தராத கண்டக்டரை அடித்திருக்கிறார். டவுனில் தன் ரிப்பேர் கடைக்கு வந்து பல்லிளித்த த்ரீவீல்காரனை அடித்திருக்கிறார். அடித்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அடிவாங்கியவர்களே அடுத்த மாதம் உடைந்த டீவியைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவார்கள். வேலை அப்படி.

அவர் பிறந்தது எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். இளம் வயதில் கட்டுநாயக்கப் பக்கம் ஒரு பெக்டரியில் எலக்ட்ரோனிக் பலகைகளைச் சோதிக்கும் வேலைக்குப் போனார். வேலை செய்கிற பெண்பிள்ளைகளின் இடுப்பில் கைவைக்கிற சுப்பவைசர் ஒருவன் அங்கே இருந்தானாம். ஒரு நாள் பக்கத்து மேசைப் பெண்ணிடம் அவன் கை போனபோது, அக்கா ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலை அவன் புறங்கையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாராம். தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததாக லயத்தில் சொல்வார்கள். உண்மையா என்று ஒருமுறை கேட்டேன்.

"மூஞ்சியில வைக்கத்தான் போனேன். கையைக் குறுக்க வச்சிட்டான்" என்றார்.

அந்த வேலை போயிற்று. திரும்பி வரும்போது, பழசாகிப்போனதென்று யாரோ விற்ற ஒரு ஸ்கோப்பை வாங்கி வந்தார். மின்சாரம் ஓடுகிற ஓட்டத்தைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி அது. வந்த பிறகு ஒரு கல்யாணம் நடந்தது. புருஷன் குடித்துவிட்டு வந்து ஒரே ஒரு தடவை கைநீட்டினான். விடியும்போது அவனுக்கு முன்பல் இல்லை. இப்போது அவிசாவளைப் பக்கம் வேறு குடும்பத்தோடு இருக்கிறானாம்.

அக்காவுக்கு மிஞ்சியிருந்தது தம்பி ரவி மட்டும்தான். அவர்களுடைய அப்பா அந்தக் காலத்துக் குடிகாரர், பெல்ட்டால் அடிக்கிறவர். அம்மா செத்த பிறகு, அப்பா பெல்ட்டை உருவினால் அக்கா தம்பியைத் தரையில் படுக்கவைத்து அவன்மேல் தான் கவிழ்ந்து படுத்துக்கொள்வாராம். கீழ் லயத்துக் கிழவிகள் இன்றைக்கும் அதைச் சொல்வார்கள். ரவி வளர்ந்து, கல்யாணம் கட்டி, அதே லயத்தில் அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தான். பெக்டரியில் விறகு வெட்டுகிற வேலை. எப்போதும் சிரித்த முகம். அக்கா வந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவருடைய சாமான் பெட்டியை வாங்கிக்கொள்வான். அவர் அவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைப்பார். "வேலை நேரத்துல இங்க என்னடா?" என்பார். அவன் பிடரியைத் தடவிக்கொண்டே சிரிப்பான். அது அவர்களுக்குள் நலம் விசாரிக்கிற மாதிரி.

அந்த வருஷம் பெரிய மழைக்குப் பிறகு சந்திரன் செத்துப்போனான்.

சந்திரன் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவன். மனைவி புஷ்பராணி கொழுந்து எடுக்கிறவள். மேட்டு லயத்திலிருந்து குறுக்குப் பாதையில் இறங்கி வரும்போது ஓடைப்பக்கத்தில் விழுந்து கிடந்தான். வலது கணுக்காலைச் சுற்றி எலும்பு தெரியும்படி கருகியிருந்தது. வாயில் புல் இருந்தது; கடித்துப் பிடித்திருக்கிறான். காட்டுப்பன்றிக்கு யாரோ கரண்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள் என்பது பார்த்த உடனேயே எல்லோருக்கும் விளங்கியது. ஆனால் கம்பி இல்லை. பொலிஸ் வந்து, ஓடையைச் சுற்றித் தேடி, லயத்தில் ஒவ்வொரு காம்பராவாக விசாரித்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. செத்தவனுக்காக எல்லோரும் அழுதார்கள். ரவிதான் சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தான்.

சில வாரங்கள் கழித்து எங்கள் கலர் சோட்டர் கெட்டது. தேயிலைத் தூளிலிருந்து நாரையும் குச்சியையும் கமெரா வைத்துப் பிரிக்கிற இயந்திரம் அது. பெக்டரியிலேயே விலை கூடினது. பகலில் ஒழுங்காக ஓடும். இருட்டின பிறகு திடீரென்று நின்றுவிடும். அதன் உள்ளே இருக்கிற எலக்ட்ரோனிக் கார்டு இரண்டாவது முறையும் எரிந்தபோது டீமேக்கர் அக்காவை வரச்சொன்னார்.

அக்கா ஸ்கோப்பை மெயின் போர்ட் அறையில் ஒரு ஸ்டூலில் வைத்தார். எங்கேயோ கரண்டு மண்ணுக்குள் இறங்கித்தான் சோட்டர் அடிபடுகிறது என்றார். எர்த் கம்பியைச் சுற்றி ஒரு கிடுக்கியைப் பூட்டி, அதன் வயரை ஸ்கோப்பில் சொருகினார். திரையில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. நான் எட்டிப்பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லியே அக்கா."

"ஒண்ணுமில்லாததைத்தான் இப்ப காட்டுது. ஓட்டோ மோடுல விட்டா வந்தது வராதது எல்லாத்தையும் வரைஞ்சு தள்ளிக்கிட்டே இருக்கும். நமக்கு வேண்டியது கண்ணைச் சிமிட்டுற நேரத்துல வந்துட்டுப் போயிரும்." ஒரு குமிழைத் திருகினார். திரையின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று மேலே ஏறியது. "இதுதான் ட்ரிகர். எந்த அளவைத் தாண்டினா படம் புடிக்கணும்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். இறக்கி வச்சா ரோலர் ஸ்டார்ட் ஆகுறதுக்கெல்லாம் புடிச்சிரும். ஏத்தி வச்சா திருடன் வந்துட்டுப் போவான், இது பாத்துக்கிட்டே இருக்கும்."

ரோலர்களை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கோடு எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் சற்று மேலே அம்புக்குறியை நிறுத்தினார். கோடு ஏறுகிறபோது மட்டும், ஒரே ஒரு தடவை மட்டும் பிடிக்கும்படி வைத்தார். பிடிக்கிற புள்ளியைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"நடுவுல ஏன்?"

"அடி விழுறதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னும் தெரியணும்ல."

ஒற்றைப் பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு அப்படியே காணாமல்போய், காத்திருக்கிறேன் என்ற சொல் மட்டும் திரையில் நின்றது. கதவைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் திரையில் ஒரு படம் இருந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தவர் அப்படியே நின்றார். ஒரே ஒரு கூரான முள், அவ்வளவுதான். வயரை இழுத்துவிட்டால் வருகிற முள்.

"யாரு உள்ள வந்தது?"

கூட்டிப் பெருக்குகிற செல்லையாக் கிழவர் விளக்குமாற்றோடு முன்னால் வந்தார். மாற்றுச் சாவி அவரிடம் இருந்தது. "நான்தான் ஆத்தா, வெள்ளென வந்து கூட்டினேன். வயர்ல தட்டுப்பட்டிருச்சு போல."

அந்த அடியை நான் மறக்கமாட்டேன். கிழவருடைய பல்செட் வாயிலிருந்து கழன்று சிமெந்துத் தரையில் ஓடி, சுவரில் முட்டி நின்றது. கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து தேடினார். கண் சரியாகத் தெரியாது அவருக்கு. அக்காதான் போய் எடுத்தார். பைப்பில் கழுவி, தன் சட்டையில் துடைத்து, அவர் கையில் வைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். திரும்பி வந்து ட்ரிகரை மறுபடியும் வைக்க ஆரம்பித்துவிட்டார். அன்றுவரைக்கும் அவர் கையை நினைத்துச் சிரித்தவன் நான். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

அடுத்த காலையில் உண்மையான படம் கிடைத்தது. நடுவுக்கு இடப்பக்கம் ஒரு மெல்லிய நடுக்கம். வலப்பக்கம் அலைகள்: முதலில் சிறியவை, போகப்போகப் பெருத்து, திரையை முட்டி, பிறகு வெட்டினாற்போல் நின்றன.

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார். "இது கம்பி. புல்லுல கெடக்குது, ஈரத்துல கசியுது. இந்த எடத்துல ஒரு உசிரு மிதிக்குது. பாருங்க, பெருசாகிக்கிட்டே போகுது. தோல் கருகக் கருக கரண்டு கூடத்தான் இறங்கும்." விரலை எடுத்தார். "சந்திரனுக்கும் இப்பிடித்தான் போயிருக்கும்."

அன்றைக்குச் செத்தது பன்றிதான். அதே காலையில் ஓடைக்கு அந்தப் பக்கம் ரத்தமும் இழுத்த தடமும் கிடந்ததைக் கொழுந்துப் பெண்கள் பார்த்திருந்தார்கள். ஒரு மனிதன் செத்த பிறகும் கம்பி இழுக்கிற கை நிற்கவில்லை.

பெக்டரியிலிருந்துதான் மேட்டு லயத்துக்கும், ஸ்டாப் குவார்ட்டர்ஸுக்கும், கீழ் லயத்துக்கும் கரண்டு பிரிந்துபோகிறது. அக்கா இப்போது எர்த்தை விட்டுவிட்டு, ஒரு லைனுக்குப் போகிற எல்லாக் கம்பிகளையும் சேர்த்துக் கிடுக்கிக்குள் பிடித்தார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருந்தால் கோடு அசையாது. அசைந்தால் அந்த லைனில் எங்கேயோ மண்ணுக்குள் இறங்குகிறது. ட்ரிகரை வெகுவாகக் கீழே இறக்கினார். கசிவே போதும், இனி இன்னொரு உயிர் மிதிக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றார். ஸ்டாப் குவார்ட்டர்ஸ் சுத்தமாக இருந்தது. மேட்டு லயமும் சுத்தம்.

"கீழ் லயம்" என்றேன்.

"வாயில சொல்லாதீங்க ஐயா. மிஷின் சொல்லட்டும்."

மிஷின் சொன்னது. அடுத்த காலையில் அக்கா திரையைப் பார்த்தார். படத்தைப் பென் ட்ரைவில் ஏற்றி என் சட்டைப்பையில் போட்டார். "வச்சிருங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றார். அப்போதே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது.

இருவரும் கீழ் லயத்துக்கு இறங்கினோம். வேலை பிரித்துக் கொடுக்கிற காலைப் பெரட்டுக்குப் போக ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். அக்கா வீடுகளைப் பார்க்கவில்லை, கூரைகளுக்கு மேலே போகிற கம்பிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். ரவியின் காம்பராவுக்கு முன்னால் நின்றார். கம்பியில் ஓரிடத்தில் கறுப்பு உறை சுரண்டப்பட்டு, செம்பு புதுசாக மின்னியது. கொக்கி மாட்டி மாட்டி எடுத்த இடம்.

ரவி வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தான். "வாக்கா, தேத்தண்ணி..." என்றான்.

கூரையோரம் அடுக்கியிருந்த ரப்பர் விறகிலிருந்து ஒரு கட்டையை அக்கா உருவினார். முதல் அடி தோளில். அவன் சிரிக்கப்போனான். இரண்டாவது அடி காதோரத்தில் விழுந்து சிரிப்பை அழித்தது. பற்பசை நுரையோடு ரத்தம் வழிந்தது. அவன் ஓடவில்லை, கை தூக்கவும் இல்லை. அவன் மனைவி சுமதி அலறிக்கொண்டு வெளியே வந்தாள். அக்கா அவளை ஒரு கையால் சுவரோடு தள்ளிவிட்டு மறு கையால் அடித்துக்கொண்டே இருந்தார். முதுகு, தொடை, முழங்கால். கட்டை சதையில் விழுகிற சத்தம் லயம் முழுக்கக் கேட்டது.

"நீயாடா? சொல்லு, நீயாடா?"

"பன்னிக்குத்தான்க்கா கட்டினேன்! மனுசனுக்கு இல்லக்கா!"

"சந்திரன் விழுந்தப்ப எங்க இருந்த?"

அவன் தரையில் மடங்கிக் கிடந்தான். "பன்னின்னு நெனச்சு நான்தான் மொதல்ல போய்ப் பாத்தேன். பயந்துட்டேன். கம்பியைச் சுருட்டிக்கிட்டு வந்துட்டேன்."

அக்கா அடிப்பதை நிறுத்தினார். குனிந்து கேட்டார். "அப்ப அவனுக்கு உசிரு இருந்துச்சா?"

ரவி முகத்தைத் தரைக்குத் திருப்பிக்கொண்டான்.

அக்கா கட்டையை ஓங்கி அவனுடைய வலது மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். மறுபடியும் ஓங்கினார். நானும் இன்னொருவரும் பிடித்தோம், உதறிவிட்டார்.

"போதும், நிறுத்துங்க."

புஷ்பராணி. தலையில் துண்டும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்குமாக வேலைக்குக் கிளம்பியிருந்தவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அடிச்சு முடிச்சிட்டு என்னா செய்வீங்க? மருந்து போட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருவீங்க. பாவம், அக்காவே அடிச்சு நொறுக்கிட்டா, இதுக்கு மேல என்னா தண்டனைன்னு லயமே சொல்லிரும். அதுக்குத்தானே இந்த அடி? சின்ன வயசுல அவன் மேல படுத்துக்கிட்டீங்க. இப்பவும் அதைத்தான் செய்றீங்க."

அக்கா அவளைப் பார்த்தார். யாராவது அவரிடம் அப்படிப் பேசினால் அடுத்தது என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்கள் ஓரடி பின்வாங்கினார்கள். அக்காவின் தாடை இறுகியது. கட்டையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. பிறகு கட்டையைக் கீழே போட்டார்.

போனை எடுத்தார். பொலிசுக்குத்தான் பேசினார். சிங்களத்தில், தோட்டத்தின் பெயரைச் சொல்லி, கம்பி இழுத்த ஆளைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார். மறுமுனையில் ஆள் யாரென்று கேட்டிருக்க வேண்டும்.

"மகே மல்லி" என்றார்.

என் தம்பி. சுமதி மண்ணை அள்ளித் தூற்றி, நீ விளங்கமாட்டாய் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

வழக்கு இரத்தினபுரியில் நடந்தது. பென் ட்ரைவைக் கொடுத்த சாட்சியாக நானும் போய்வந்தேன். கட்டுப்போட்ட கையோடு கூண்டில் நின்ற ரவியிடம், கை எப்படி உடைந்தது என்று ஒருநாள் கேட்டார்கள். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றான். பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்து நின்றார். "பொய் சொல்றான். நான்தான் உடைச்சேன்." உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. அதற்கும் ஒரு வழக்குப் போட்டு அபராதம் விதித்தார்கள், கட்டினார். ரவி அன்றுதான் முதல்முறையாக அக்காவைப் பார்த்து, "இனி என்னைப் பாக்க வராத" என்றான்.

அவனுக்குச் சிறை என்று தீர்ப்பான நாளில் அக்கா, புஷ்பராணி, நான் மூவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் முன்சீட்டிலிருந்து புஷ்பராணி திரும்பாமலே சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க அவனை அடிச்சே கொன்னிருந்தா எனக்குச் சந்தோசமாத்தான் இருந்திருக்கும். நான் நிறுத்தினது உங்க மேல இரக்கப்பட்டு இல்ல."

"தெரியும்" என்றார் அக்கா.

"எங்க வீட்டுக் கம்பி காத்துல அறுந்து தொங்குது. உங்க தம்பியை உள்ள வச்சிட்டேன்னு கோபத்துல ஒருத்தரும் வந்து பாக்க மாட்டேங்கிறாங்க. புள்ளைங்க இருட்டுல கெடக்குதுங்க. எனக்கு அதைத் தொடப் பயம்."

அக்கா தன் கடை இருக்கிற இடத்தில் இறங்கவில்லை. எங்களோடு தோட்டம்வரைக்கும் வந்தார். பெக்டரியில் ஏணியும் கம்பியும் வாங்கிக்கொண்டார். மேட்டு லயத்துக்குப் போகிற பாதை, கீழ் லயத்து வாசல்களை ஒட்டித்தான் ஏறுகிறது. எங்களைக் கண்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. சுமதி மட்டும் பின்னாலேயே வந்தாள். அவளுடைய சினேகிதிகள் இரண்டு பேர் அவளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை.

புஷ்பராணி வீட்டுச் சுவரில் ஏணியைச் சாத்தி, அக்கா ஏறி, அறுந்த கம்பியைக் கையில் எடுத்த நேரத்தில் கல் வந்தது. நெற்றிமேட்டில் பட்டுப் பிளந்தது. ரத்தம் புருவத்தில் தேங்கி, கண்ணுக்குள் இறங்கியது.

அக்கா கம்பியை விட்டுவிட்டு இறங்கினார். நேராகச் சுமதியிடம் நடந்தார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நிற்கப்பார்த்தேன். புஷ்பராணி பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுமதியின் கையில் இன்னொரு கல் இருந்தது. அவள் நகரவில்லை.

அக்கா அவளுக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில் நின்றார்.

"எறியிறதுன்னா இப்பவே எறிஞ்சிரு. மேல ஏறின பெறகு எறியாத. கைதவறிக் கம்பியில பட்டா லயம் முழுக்கக் கரண்டு போயிரும்."

சுமதி எறிந்தாள். அது தோளில் பட்டு விழுந்தது. சரி என்பதுபோல் அக்கா தலையை ஆட்டினார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப்போய் ஏணியில் கால் வைத்தார்.